ஸலாம் இல்லாத விளையாட்டு



ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது மனிதனுக்குப் புதிதல்ல. உழவன் ஆண்டுதோறும் அதே நிலத்தைத்தான் உழுகிறான். தாய் நாள்தோறும் அதே அடுப்பைத்தான் மூட்டுகிறாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு ஷிப்டு முழுவதும் ஒரே இயந்திரத்தின் முன் நின்று, ஒரே பொருளை எடுத்து, ஒரே இடத்தில் பொருத்தி, ஒரே பக்கமாக நகர்த்திவிட்டு வருகிறவர்கள் அவர்களில் ஏராளம்.

அப்படி வேலை முடித்து வருகிறவர்கள் கம்பெனி பஸ்ஸிலோ, கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் உள்ளூர் ரயிலிலோ ஏறி உட்கார்ந்ததும் என்ன செய்கிறார்கள்? செல்போனை எடுக்கிறார்கள். திரையில் ஒருவன் ஓடுகிறான்; இவர் விரலால் அவனைத் தாவ வைக்கிறார். அவன் விழுகிறான், மறுபடி ஓட வைக்கிறார். கவரைப்பேட்டை போகிறது, பொன்னேரி போகிறது, மீஞ்சூர் போகிறது. தலை நிமிர்வதில்லை. பகலெல்லாம் கை செய்த வேலையை இப்போது கட்டை விரல் செய்கின்றது. வித்தியாசம் என்னவென்றால், அதற்குச் சம்பளம் உண்டு, இதற்கு இல்லை.

இப்படிப்பட்ட ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: “ஹழ்ரத்! காசு வைத்து ஆடினால் சூது, அது ஹராம் என்று தெரியும். நான் காசு வைத்து ஆடுவதில்லை. இதில் ஆபாசமான படமும் இல்லை. யாருக்கும் தீங்கும் இல்லை. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன் என்பதுதான் குறை என்றால், தொழுகையிலும் திக்ரிலும் அதைத்தானே செய்கிறோம்?”

இது குதர்க்கமான கேள்வி அல்ல. நியாயமான கேள்வி. “விளையாடாதே” என்று ஒரு சொல்லில் விரட்டிவிட்டால் கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். ஆனால் போனை மூடமாட்டார். ஆகவே இக்கேள்வியைப் பொறுமையாகச் சிந்தித்துப் பார்ப்போம்.

வலை பின்னப்பட்ட விதம்

இவ்வகை விளையாட்டுகளின் பூர்வீகம் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகளாகும். 1978-ல் ஜப்பானில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற விளையாட்டு வந்தது. வரிசை வரிசையாக இறங்கி வரும் எதிரிகளைச் சுட வேண்டும். எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் வேகம் கூடும். இது முதலில் திட்டமிட்டுச் செய்ததல்ல. திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் இயந்திரம் தானாகவே விரைந்து ஓடியது. ஆடுகிறவரின் பரபரப்பை அது கூட்டுவதைக் கண்டு, செய்தவர் அப்படியே விட்டுவிட்டார். எல்லா எதிரிகளையும் சுட்டு வீழ்த்தினால் என்ன ஆகும்? புதிய வரிசை இறங்கும். அவ்வளவுதான்.

1980-ல் ‘பேக்-மேன்’ வந்தது. அதில் சுடுவதற்குப் பதில் சந்துகளில் புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓட வேண்டும். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் ‘டெட்ரிஸ்’ என்ற விளையாட்டைச் செய்தார். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்க வேண்டும். வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். 1997-ல் நோக்கியா போனில் பாம்பு விளையாட்டு வந்தது. பாம்பு தின்னத் தின்ன நீளும். நீள நீள அதற்கே இடம் போதாது. நம் மாவட்டத்தை அடுத்துள்ள ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை அந்த நிறுவனத்தின் ஆலை இயங்கியதும், அங்கே ஏராளமான இளைஞர்களும் இளம் பெண்களும் வரிசையில் நின்று போன்களைப் பூட்டியதும் பலருக்கு நினைவிருக்கும். 2011-ல் ‘டெம்பிள் ரன்’, 2012-ல் ‘சப்வே சர்ஃபர்ஸ்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும் விளையாட்டுகள் வந்தன. அதே 2012-ல் ஒரே நிற மிட்டாய்களைச் சேர்க்கும் ‘கேண்டி க்ரஷ்’ வந்தது.

சுடுவது, தின்பது, அடுக்குவது, நீள்வது, ஓடுவது, சேர்ப்பது என்று வகைகள் வேறு வேறாகத் தோன்றினாலும் உள்ளே ஓடும் சக்கரம் ஒன்றே. முதலில் மிக எளிதான ஒரு வேலை. செய்தவுடன் ஒரு சத்தம், ஒரு மினுக்கம், சில புள்ளிகள். அடுத்தபடி வேலை சற்றே கடினமாகும். ஓரிடத்தில் தோல்வி வரும். அத்தோல்வி வலிக்காது, ஒரு தொடுதலில் மறுபடி தொடங்கிவிடலாம். “இன்னும் இம்மியளவு நகர்ந்திருந்தால் தப்பியிருப்பேனே!” என்று மனம் சொல்லும். உடனே “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று விரல் போகும்.

இத்துடன் இன்னொரு தந்திரமும் சேரும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனைகள் செய்து, 1957-ல் சகாவுடன் சேர்ந்து அவற்றின் முடிவுகளைப் பெரிய நூலாக வெளியிட்டார். பொத்தானைக் கொத்தினால் தானியம் வரும் என்று பழகிய புறாவுக்கு, எத்தனையாவது கொத்தலில் வரும் என்று தெரியாதபடி செய்துவிட்டால், அது ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியத்தை முற்றிலும் நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தும். இன்றைய விளையாட்டுகளில் திடீரென்று திறக்கும் பரிசுப் பெட்டிகள் இந்த அடிப்படையில் வேலை செய்பவைதாம். வரும் என்று நிச்சயமாகத் தெரிந்த பரிசைவிட, வந்தாலும் வரலாம் என்ற பரிசே மனிதனை அதிக நேரம் உட்கார வைக்கின்றது.

முடிவு எங்கே போயிற்று?

காசு போட்டு ஆடிய காலத்தில் ஆட்டத்திற்கு ஒரு முடிவு இருந்தது. சில நிமிடங்களில் ஆடுகிறவர் தோற்றுவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த காசு விழும், அடுத்தவர் வருவார். அது கடைக்காரரின் லாபத்துக்காக வைத்த முடிவுதான் என்றாலும், பையிலிருந்த சில்லறை தீர்ந்ததும் பையன் வீட்டுக்குப் போனான்.

செல்போனில் கதை தலைகீழாயிற்று. ஆட்டம் இலவசம். பல ஆட்டங்களுக்கு விளம்பரத்தில்தான் வருமானம். எனவே ஆடுகிறவர் எழுந்து போகாமல் இருப்பதே வியாபாரியின் லாபம். காசுப் பெட்டிக்குத் தேவைப்பட்டது நம் நாணயம். இதற்குத் தேவை நம் நேரம். நாணயத்தை எண்ணிக் கொடுத்தோம். நேரத்தை யார் எண்ணுகிறார்கள்?

இவ்விளையாட்டுகளில் பலவற்றுக்கு இயல்பான முடிவே வைக்கப்படவில்லை. ‘பேக்-மேன்’ ஆட்டத்தில் 256-ஆவது கட்டத்தை அடைந்தவர்கள் கண்டது வெற்றி வளைவை அல்ல. பாதித் திரை குழம்பிப் போனதைத்தான். அதற்கு மேல் எண்ண அந்த இயந்திரத்துக்குத் தெரியவில்லை. ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பை, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன், இயந்திரம் உறைந்து நிற்கும் இடம் வரை ஆடினான். உலகமே அதை வெற்றி என்று கொண்டாடியது. அந்தச் சிறுவனின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஆட்டம் முடியவில்லை, கருவிதான் நின்றுபோயிற்று. முடிவை வைக்காமல் செய்யப்பட்ட ஒன்றுக்கு, உடைப்புதான் முடிவாக அமைந்தது.

மனிதனிடத்திலும் அப்படித்தான் நடக்கின்றது. ஆட்டம் தானாக நிற்பதில்லை. பேட்டரி தீர வேண்டும், அல்லது கண் எரிய வேண்டும், அல்லது மேலதிகாரி கூப்பிட வேண்டும், அல்லது வீட்டில் சண்டை வர வேண்டும்.

களைத்தவன் ஏன் இதைத் தேடுகிறான்?

எட்டு மணி நேரம் ஒரே வேலையைச் செய்து அலுத்தவர், ஓய்வு கிடைத்ததும் மறுபடியும் ஒரே வேலையைச் செய்யும் விளையாட்டை ஏன் நாடுகிறார்? இதை நாம் ஏளனமாகக் கேட்கக் கூடாது. இதற்குள் ஒரு துயரம் இருக்கின்றது.

வரிசையில் நின்று அவர் பொருத்தும் பொருள் நகர்ந்து போய்விடுகிறது. அது எந்த வண்டியில் போய்ச் சேர்ந்தது, யாருக்குப் பயன்பட்டது என்று அவருக்குத் தெரியாது. ஆயிரம் சரியாகச் செய்தால் ஒரு வார்த்தை இல்லை. ஒன்று தவறினால் சத்தம் வரும். விளையாட்டிலோ ஒவ்வொரு அசைவுக்கும் உடனுக்குடன் பதில் கிடைக்கின்றது. “நன்று” என்று திரை சொல்கிறது. எண் ஏறுகிறது. நேற்றைவிட இன்று கெட்டிக்காரன் என்று கணக்குக் காட்டுகிறது. தன் உழைப்பை யாரோ எண்ணிப் பார்க்கிறார்கள் என்ற உணர்வுக்குத்தான் அவர் ஏங்குகிறார்.

அந்தப் பசி பொய்யல்ல. அல்லாஹ் மனிதனின் இயல்பில் வைத்ததுதான். ஆனால் அதற்குப் பரிமாறப்படுவது உணவல்ல, உணவின் படம். அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் கண் முன் காட்டப்படும் என்று சூரத்துஸ் ஸில்ஸாலில் அல்லாஹுத் தஆலா அறிவிக்கின்றான். நம் செயல்களை எழுதும் கண்ணியமிக்க மலக்குகள் இருக்கின்றார்கள் என்பது நம் ஈமானின் பகுதி. குடும்பத்துக்காக ஹலாலாகச் சம்பாதிக்கும் நிய்யத்தோடு முடுக்கப்படும் ஒவ்வொரு திருகாணியும் அந்த ஏட்டில் உண்டு. இதை நம் தொழிலாளத் தம்பிகளுக்கு எடுத்துச் சொல்ல நாம் தவறிவிட்டால், எண்ணிக் காட்டும் திரையை அவர்கள் தேடிப் போவதில் வியப்பில்லை.

இன்னும் ஒன்று. திரையில் ஏறும் எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒருநாளும் போதாது. ஆதமுடைய மகனுக்கு இரண்டு ஓடை நிறையச் செல்வம் இருந்தாலும் மூன்றாவதைத் தேடுவான் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வருகின்றது. அதிகமாக்கிக்கொள்ளும் போட்டி கப்ருகளைச் சந்திக்கும் வரை மனிதனைப் பராக்காக்கிவிடுகிறது என்று சூரத்துத் தகாஸுர் எச்சரிக்கின்றது. பொருளைச் சேர்த்தவனாவது வாரிசுக்கு விட்டுப் போகிறான். புள்ளிகளைச் சேர்த்தவன் எதை விட்டுப் போகிறான்?

மார்க்கம் விளையாட்டுக்கு விரோதியா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பார்த்து மகிழத் தாமே மறைப்பாக நின்றார்கள். அன்னையாருடன் ஓட்டப் பந்தயமும் ஓடியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்துவிட்டால் நபியவர்களின் சபையில் இருந்த உள்ளநிலை மாறிவிடுகிறதே, நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று ஹன்ழலா (ரலி) அவர்கள் கலங்கியபோது, இதற்கு ஒரு நேரம், அதற்கு ஒரு நேரம் என்ற கருத்தில் ஆறுதல் கிடைத்தது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைக் கூறும் இடத்தில், ஓதிவிட்டு வந்த பிள்ளையைக் களைப்புத் தீர நல்ல முறையில் விளையாட விட வேண்டும், இல்லாவிட்டால் அவன் உள்ளம் மரத்து, படிப்பே கசந்துவிடும் என்று கருத்துத் தெரிவிக்கின்றார்கள்.

ஆக, களைப்பாற விளையாடுவது குற்றமல்ல. பணம் வைத்து ஆடுவதோ மைஸிர். அதில் பேச்சுக்கே இடமில்லை. தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் கட்டி ஆடுவதைக் குறிவைத்தவை. 2025-ல் தமிழகத்தில் வந்த விதிகள், பண விளையாட்டுகளில் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை நுழையக் கூடாது என்றன. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் தள்ளுபடி செய்தது. சட்டம் இயற்றியவர்களும் கடைசியில் கண்டுகொண்டது, தானாக முடியாத ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒரு முடிவை வைத்தாக வேண்டும் என்பதைத்தான்.

பணம் இல்லாத விளையாட்டின் நிலை என்ன? சதுரங்கத்தைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்களில் உள்ள விளக்கம் இங்கே வழிகாட்டும். பணயம் இல்லாமலும், தொழுகையைத் தவறவிடாமலும் ஆடினால் ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ். ஹனஃபி மத்ஹபில் இதைவிடக் கடுமை. பணயமோ, தொழுகை தவறுவதோ சேர்ந்துவிட்டால் ஹராம் என்பதில் சந்தேகமில்லை. மதுவையும் சூதையும் தடுக்கும் வசனத் தொடரில் அல்லாஹ் கூறும் காரணங்களில் ஒன்று, ஷைத்தான் அவற்றால் இறை நினைவையும் தொழுகையையும் விட்டு உங்களைத் தடுக்க நாடுகிறான் என்பதாகும். ஆகவே “இதில் காசு இருக்கிறதா?” என்ற கேள்வியோடு நிற்காமல், “இது என்னை எதைவிட்டுத் தடுக்கிறது?” என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

தொழுகையும் ஒரு சுற்றுத்தானே?

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். ஆம், தொழுகையிலும் அதே தக்பீர், அதே ஃபாத்திஹா, அதே ருகூவு, அதே ஸஜ்தா. நாளைக்கு ஐந்து வேளை, ஆயுள் முழுவதும். திரும்பச் செய்வதே தவறென்றால் நம் தீனில் பாதி நிற்காது. குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளை ஒரே ஆயத்தை எத்தனை முறை ஓதுகிறது! குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்றுதான் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

ஆனால் தொழுகை எப்படி முடிகிறது என்று பாருங்கள். வலப்பக்கம் ஒரு ஸலாம், இடப்பக்கம் ஒரு ஸலாம். அத்துடன் அது உங்களை விட்டுவிடுகிறது. விடுவது மட்டுமல்ல, ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்று அனுப்பி வைக்கிறது. நான்கு ரக்அத் ஃபர்ளை வேண்டுமென்றே ஐந்தாக்கினால் தொழுகை வீணாகிவிடும். ஆசை எவ்வளவு இருந்தாலும், அஸருக்குப் பின் காரணமில்லாத நஃபில் தொழுகை தொழக் கூடாது. நோன்பு கூட மஃரிபுடன் முடிந்தாக வேண்டும். பெருநாளன்று நோன்பு வைப்பது ஹராம். இறைவனை வணங்குவதற்கே எல்லை வகுத்த மார்க்கம் இது.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே கயிறு கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடும்படி உத்தரவிட்டார்கள். உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. தொழுகைக்காகக் கட்டிய கயிற்றையே அவிழ்க்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். களைத்த கண்ணை விடாமல் பிடித்து வைக்க ஆயிரம் கயிறுகளைப் பின்னியிருக்கும் ஒரு விளையாட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நேரத்தின் விஷயமும் அப்படியே. பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் பழைய நிழற்கடிகாரம் ஒன்று இருக்கின்றது. சூரியனின் நிழலைக் கொண்டு தொழுகை வேளையை அறிந்த காலத்தின் அடையாளம் அது. தொழுகை நம்மைச் சூரியனோடு சேர்த்துக் கட்டுகிறது. பொழுது எங்கே நிற்கிறது என்று நாளைக்கு ஐந்து முறை நினைவூட்டுகிறது. இந்த ஆட்டமோ பொழுதை மறக்கச் செய்கிறது. “இப்போதுதான் எடுத்தேன், மணி ஒன்றாகிவிட்டதே!” என்கிறார்கள். ஒன்று நேரத்தை அறிவிக்கின்ற சுற்று, மற்றொன்று நேரத்தை மறைக்கின்ற சுற்று.

ஒரு விஷயத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளம் எங்கோ இருக்க உடல் மட்டும் குனிந்து நிமிரும் தொழுகையும் உண்டு. தஸ்பீஹ் மணியை எண்ணிக்கைக்காக உருட்டுவதும் உண்டு. அப்படிச் செய்கிறவருக்கும் திரையில் எண் ஏற்றுகிறவருக்கும் உள்ள தூரம் நாம் நினைக்கும் அளவுக்கு அதிகமில்லை. அவசரமாகத் தொழுத ஒருவரை, நீர் தொழவில்லை, திரும்பப் போய்த் தொழும் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை அனுப்பிய செய்தி நமக்குத் தெரியும். அங்கேயும் “மறுபடி” என்ற சொல்தான். ஆனால் அந்த மறுபடி அவரைத் திருத்துவதற்காக. மூன்றாம் முறைக்குப் பின் எப்படித் தொழுவதென்று கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஒரு சுற்று நல்லதா என்று அறிய உரைகல் இதுவே: சுற்றி முடித்துவிட்டு வெளியே வருகிறவர், உள்ளே போனவரைவிட ஏதேனும் ஒரு விதத்தில் மேலானவராக வருகிறாரா?

ஒரு நாள் தவறிவிட்டால்

இன்றைய விளையாட்டுகள் பலவற்றில், தினமும் வந்தால் தினமும் பரிசு. முப்பது நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு. இருபத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டால், கட்டிய தொடர் அறுந்து முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பயத்தால் சளைக்காமல் வருகிறவர்கள் அநேகர். ஆசையால் வருவதைவிட அச்சத்தால் வருவதே அதிகம்.

அல்லாஹ்வின் கணக்கு அப்படிப்பட்டதல்ல. அடியான் நோயுற்றாலோ பயணம் போனாலோ, ஊரில் சுகமாக இருந்தபோது அவன் செய்துவந்த அமலின் கூலி அப்படியே எழுதப்படுகிறது என்று புகாரியில் வருகின்றது. தவறிய தொழுகைக்குக் களா உண்டு. செய்த பாவத்துக்குத் தௌபா உண்டு. இருபத்தெட்டு நாள் நன்மையை இருபத்தொன்பதாம் நாளின் பலவீனம் அழிப்பதில்லை. அடியானை நேசிக்கும் எஜமானனுக்கும், அடியானின் நேரத்தை மட்டும் விரும்பும் வியாபாரிக்கும் உள்ள வேற்றுமை இங்கே தெரிகின்றது.

செய்து விற்பவரின் பொறுப்பு

ஆடுகிறவரை மட்டும் குறை சொல்வது நீதியாகாது. வியட்நாம் நாட்டு இளைஞர் டோங் நுயென் 2013-ல் ‘ஃப்ளாப்பி பேர்ட்’ என்ற சிறு விளையாட்டை வெளியிட்டார். குழாய்களுக்கிடையே ஒரு பறவையைப் பறக்க வைக்க வேண்டும், அவ்வளவே. 2014-ன் தொடக்கத்தில் அது உலகமெங்கும் பரவியது. நாளொன்றுக்குச் சுமார் 50,000 டாலர் விளம்பர வருமானம் வந்ததாகச் சொல்லப்பட்டது. அந்தச் சமயத்தில், 2014 பிப்ரவரியில், அவரே அதைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார். சில நிமிடம் இளைப்பாறச் செய்தது மக்களை அடிமையாக்கும் பொருளாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் தன் கையால் செய்த பொருள் பிறர் வாழ்வில் என்ன செய்கிறது என்று திரும்பிப் பார்த்தார். நம் பிள்ளைகளில் பலர் இன்று கம்ப்யூட்டர் படித்து இத்துறையில் வேலைக்குப் போகிறார்கள். ஹலாலான சம்பாத்தியம் என்பது சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதோடு நிற்பதில்லை, நாம் செய்தது எங்கே போய்ச் சேருகிறது என்பதும் அதில் அடக்கம் என்று அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது

உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறு என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆடுகிறவர்கள் எல்லாரும் நோயாளிகள் என்பதல்ல அதன் பொருள். தன்னைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்றெல்லாவற்றையும்விட ஆட்டமே முதன்மையாகிவிடுவது, தீங்கு கண்ட பின்பும் விட முடியாமை ஆகியவை நீண்ட காலம், பொதுவாக ஓராண்டளவு, நீடித்தால்தான் அது நோய். அந்த நிலைக்குப் போனவரைத் திட்டிப் பயனில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மற்றவர்களுக்குச் சில யோசனைகள் சொல்வேன்.

ஆட்டத்துக்கு ஸலாம் இல்லை. ஆகவே அதற்கு ஸலாமை நாமே வைக்க வேண்டும். தொடங்கும் முன்பே முடிவைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். “பொன்னேரி வந்ததும் நிறுத்திவிடுவேன்”, “மூன்று ஆட்டம்தான்”, “பாங்கு சொன்னதும் போனை வைத்துவிடுவேன்” என்று நிய்யத் செய்துகொள்ளுங்கள். வைத்த எல்லையில் நிறுத்த முடிகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். முடிந்தால் அது உங்கள் விளையாட்டு. முடியாவிட்டால் நீங்கள் அதன் விளையாட்டு.

இஷாவுக்குப் பின் படுக்கையறைக்குப் போனைக் கொண்டுபோகாதீர்கள். சுப்ஹு ஜமாஅத் தவறுவது காலையில் அல்ல, முந்திய இரவிலேதான். நைட் ஷிப்டு முடித்து வருகிறவருக்கு இது பகல் தூக்கத்தின் விஷயம். அவர் லுஹருக்கு எழ வேண்டுமானால் வந்தவுடன் உறங்க வேண்டும்.

தாய்மார்களே! சோறு ஊட்டுவதற்காகக் குழந்தையின் கையில் போனைக் கொடுக்காதீர்கள். பசியறிந்து உண்ணவும், போதும் என்று சொல்லவும் குழந்தை கற்கும் பருவம் அது. போதும் என்ற சொல்லே இல்லாத ஒன்றை அப்போது அதன் முன் வைக்கலாமா?

குடும்பத் தலைவர்களே! வேலை முடித்து வரும் மகனிடம் “இன்று என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். மகளின் படிப்பை, மனைவியின் சமையலை வாய்விட்டுப் பாராட்டுங்கள். “நன்று” என்று சொல்ல வீட்டில் ஆள் இருந்தால், திரையிடம் போய் அதைக் கேட்கும் தேவை குறையும். பிள்ளைகளைத் தெருவில் ஓடி விளையாட விடுங்கள். அங்கே மஃரிபு பாங்கு கேட்கும், கால் வலிக்கும், விளையாட்டு முடியும்.

மறுமை நாளில் ஆயுளை எதில் கழித்தாய், அறிவைக் கொண்டு என்ன செய்தாய், பொருளை எப்படிச் சம்பாதித்து எப்படிச் செலவழித்தாய், உடலை எதில் தேயவைத்தாய் என்று கேட்கப்படாமல் அடியானின் பாதங்கள் நகராது என்பது திர்மிதியில் வரும் நபிமொழியின் கருத்து. ஆயுளும் ஒரு சுற்றுத்தான். ஆனால் அதில் விழுந்தவுடன் மறுபடி தொடங்குவதற்கு ஒரு பொத்தான் இல்லை.

நேரத்தின் அருமையை அறிந்து, ஓய்வை ஓய்வாகவும் வணக்கத்தை வணக்கமாகவும் அனுபவிக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.